இரண்டு கோளாறு, ஒரே சக்கரம்: பழைய ஜிப்ஸியில் பிரேக் ஹோஸும் டஸ்ட் கவரும் மாற்றிய கதை

வண்டி 2004-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மேலே கேன்வாஸ், கீழே தொழிற்சாலையில் போட்ட அதே லீஃப் பட்டைகள். இப்போது கோத்தகிரி பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அவருக்கு முன்னால் ராமநாதபுரம் பக்கத்தில் ஓடியது. 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறப்பதற்கு முன்பு, தனுஷ்கோடிக்குப் போக வேண்டுமென்றால் மணலிலும் கடல் தண்ணீரிலும்தான் உருட்ட வேண்டும். அந்தப் பாதையில் உழைத்த வண்டி. அது மலைக்கு வந்து வருடங்கள் ஆகியும் உப்பு செய்த வேலை அதன் அடிப்பாகத்தில் அப்படியே இருந்தது.

புகாரை ஓனர் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்: “அண்ணா, மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள வலது முன் சக்கரத்துல கருகுற வாசனை வருதுங்க. கரகரன்னு சத்தம் வேற. பேட் மாத்தியாச்சு, காலிப்பர் கிட் மாத்தியாச்சு. போகவே மாட்டேங்குது.” பேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபக்கமும் பிடித்து நிறுத்தும் கட்டை. அதை அழுத்துவது காலிப்பர்.

ஏற்கெனவே பார்த்த ஒரு பட்டறையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். டிஸ்க்கின் உட்பக்கம் இருக்கும் டஸ்ட் கவர், அதாவது தூசி தடுக்கும் தகடு, விளிம்பு முழுக்க துருவேறி டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் சத்தம் திரும்பி வர, கீழ்ப்பாதியை ஆக்சா பிளேடால் அறுத்தே எடுத்துவிட்டார்கள். மேல்பாதி மட்டும் தொங்கிக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் மறுபடி உரசியது. வாசனைக்கும் அதுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்: தகரம் உரசுவதால் சூடாகிறதாம்.

இதை ஒப்புக்கொள்ள முடியாது. மெல்லிய தகடு ஒன்று டிஸ்க்கின் ஓரத்தில் லேசாக உரசினால் காதைக் கிழிக்கும் சத்தம் வரும், டிஸ்க்கில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். ரிம்மில் கை வைக்க முடியாத அளவுக்கு, தண்ணீர் தெளித்தால் உடனே ஆவியாகிற அளவுக்குச் சூடேற வேண்டுமென்றால் பேட் டிஸ்க்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆக சத்தத்துக்கு ஒரு காரணம், வாசனைக்கு இன்னொரு காரணம். இரண்டும் ஒரே சக்கரத்தில் இருந்ததால் ஒன்றின் பழி மற்றதன் மேல் விழுந்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது

வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. நாலைந்து வளைவு இறங்கி நன்றாகச் சூடானதும்தான் குணம் மாறியது. நேரான இடத்தில் பிரேக்கை அமுக்கினால், முதல் கணம் வண்டி இடப்பக்கம் இழுத்தது. காலை எடுத்த பிறகு வலப்பக்கம் இழுத்தது.

இந்த இரட்டை இழுப்புதான் பாதி விடையைச் சொல்லிவிட்டது. காலிப்பர் பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தாலோ, ஸ்லைடு பின் துருவேறி இறுகியிருந்தாலோ இழுப்பு பெரும்பாலும் ஒரே பக்கமாக இருக்கும். அமுக்கும்போது ஒரு பக்கம், விட்டபின் எதிர்ப்பக்கம் என்றால், வலது காலிப்பருக்கு பிரேக் ஆயில் தாமதமாகப் போய்ச் சேர்கிறது, போனது தாமதமாகத் திரும்புகிறது என்று அர்த்தம். வழியில் எங்கோ அடைப்பு.

பட்டறைக்குக் கொண்டுவந்து, சூடு ஆறுவதற்கு முன்பே பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்தோம். கியர் நியூட்ரலில், சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப்பை ‘ஃப்ரீ’யில் வைத்துவிட்டால் சக்கரம் எந்தப் பிணைப்பும் இல்லாமல் சுழலும். உதவியாள் பிரேக்கை அழுத்தமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். இடது சக்கரம் உடனே சுற்றியது. வலது சக்கரம் இரண்டு கையால் திருகினாலும் அசையவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் நேராகக் காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் ப்ளீடிங் நிப்பிளைத் திறப்பார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. சேஸியில் இருக்கும் பிராக்கெட்டில் இரும்பு பைப்பும், அங்கிருந்து காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸும் சேர்கிற இடத்தில் 10 எம்.எம். ஃப்ளேர் நட் உண்டு. அதைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் கோளாறு அதற்கு மேலே, மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். இங்கே நட்டைத் தளர்த்தியதும் இரண்டு சொட்டு கசிந்தது, சக்கரம் அசையவில்லை. நட்டை இறுக்கிவிட்டு நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். சர்ரென்று பீய்ச்சியது, சக்கரம் அந்த நொடியே விடுபட்டது. நிப்பிளை முதலில் திறந்திருந்தால் தேங்கிய அழுத்தம் போய்விடும், மேலே சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்த வரிசை.

மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இருந்தால் பொதுவாக இரண்டு முன் சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும். பிஸ்டன் ஜாம் என்றால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் விடாது. மிஞ்சியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் மட்டும்தான்.

பார்க்க நன்றாக இருந்த ஹோஸ்

வேடிக்கை என்னவென்றால், வலது ஹோஸ் வெளியே பளிச்சென்று இருந்தது. எப்போதோ யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள். இடது ஹோஸ்தான் பார்த்தாலே பயம் வரும்படி வளையும் இடமெல்லாம் மயிரிழை வெடிப்பாக இருந்தது. கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்வதென்றால் இடதைக் கழற்றி எறிந்துவிட்டு வலதை விட்டுவைத்திருப்பார்கள்.

கழற்றியபின் இரண்டிலும் சிரிஞ்சால் பிரேக் ஆயிலைத் தள்ளிப் பார்த்தேன். இடதில் தடையில்லாமல் ஓடியது. வலதில் மேலிருந்து கீழே அழுத்தித் தள்ளினால் போனது. கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினால் நின்றுவிட்டது. பிளேடால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். காலிப்பர் முனையின் இரும்புப் பிடிக்குச் சற்று மேலே, உள் ரப்பரிலிருந்து ஒரு சிறு நாக்கு கிழிந்து துவாரத்துக்குள் மடங்கிக் கிடந்தது. துவாரமே மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் இந்த நாக்கு போதும்.

ஆயில் போகிறது, ஏன் திரும்பவில்லை? பிரேக்கை மிதிக்கும்போது கால் பலமும் பூஸ்டரும் சேர்ந்து பெரிய அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளுகின்றன. நாக்கு விலகி வழிவிடும். காலை எடுத்தபிறகு காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் இழுக்கத் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல், மிதிக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் திரும்பல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அந்த அற்ப விசையால் நாக்கைத் தள்ளித் திறக்க முடியாது. பேட் டிஸ்க்கிலேயே ஒட்டிக்கொண்டு தேயும், சூடேறும், சூடேற ரப்பர் இன்னும் உப்பும். குளிர்ந்தபோது நன்றாக இருந்து, வளைவுகள் இறங்கியபின் மட்டும் கோளாறு தெரிந்தது இதனால்தான்.

உள்ளே எப்படிக் கிழிந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் பேட் மாற்றும்போது காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடாமல் ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். முழு எடையும் அந்த இரும்புப் பிடியின் ஓரத்தில்தான் விழும், கிழிசலும் சரியாக அங்கேதான் இருந்தது. இன்னொரு பழக்கமும் ஹோஸைக் கொல்லும்: பிரேக் சாமான்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது. பிரேக் ஹோஸின் உள் ரப்பர் பொதுவாக இ.பி.டி.எம். வகை. பிரேக் ஆயிலைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். காலிப்பர் சீலுக்கும் அதே கதிதான்.

இதை இப்படியே ஓட்டினால் என்ன என்று ஓனர் கேட்டார். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு பேட் ஓயாமல் டிஸ்க்கில் உராய்ந்துகொண்டே இறங்கினால் அந்தச் சூடு காலிப்பருக்குள் ஏறுவது பெரிய காரியமில்லை. ஆயில் கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி தரை வரைக்கும் போகும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் பேச ஒன்றுமில்லை.

டஸ்ட் கவரை ஏன் தூக்கி எறியவில்லை

சத்தத்தின் விஷயத்துக்கு வருவோம். காட்டுப்பாதையில் ஓட்டும் நண்பர்கள் பலர் இந்தத் தகடே வேண்டாம் என்பார்கள். கல் சிக்கிக் கத்துகிறது, சேறு தங்குகிறது, காற்றோட்டத்தைத் தடுக்கிறது என்று காரணமும் சொல்வார்கள். கல் சிக்குவது உண்மைதான். ஆனால் வண்டியை நாலு அடி பின்னால் எடுத்தால் பாதி நேரம் அது தானாக விழுந்துவிடும். அதற்காகத் தகட்டையே அறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிஸ்க்கின் வெளிமுகத்துக்கு ரிம் ஓரளவு மறைப்பு. உள்முகத்துக்கு இந்தத் தகடு ஒன்றுதான் மறைப்பு. இது இல்லாவிட்டால் டயர் வாரியடிக்கும் சேறும் மணலும் நேரே உள்முகத்தில் படும். இந்த வண்டியில் அதைக் கையால் தொட்டே உணர முடிந்தது. வலது டிஸ்க்கின் வெளிமுகம் வழவழப்பு. உள்முகத்தில் நகத்தை ஓட்டினால் வரிசையாகத் தட்டியது. உள் பேட்டும் வெளி பேட்டைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. பேட் விடாமல் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், அந்த வரிகள் மணல் போட்டவை.

துருவும் உப்பின் வேலைதான். அறுத்தது போக மிஞ்சியிருந்த மேல்பாதியில், ஹப் சுழலும் அச்சான ஸ்பிண்டிலைச் சுற்றிய மடிப்புக்குள் தகடு அப்பளமாகப் பிரிந்து வந்தது. இடது பக்கக் கவர் முழுதாக இருந்தாலும் கீழே வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஊசித் துளைகள்.

ஜிப்ஸியில் இந்தத் தகட்டை மாற்றுவது ஏன் யாருக்கும் பிடிக்காது என்றால், சாமான் சின்னது, வேலை பெரிது. காலிப்பர், ஃப்ரீ வீல் ஹப், அதன் உள்ளே சர்க்ளிப், பேரிங் லாக் நட், டிஸ்க், ஹப் என்று எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் தகடு முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். ஸ்பிண்டிலை, ஸ்டியரிங்கோடு திரும்பும் நக்கிளோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் எடுத்தால்தான் கைக்கு வரும். தகட்டை ஒரு பக்கம் பிளந்து, விரித்து மாட்டி, மறுபடி சேர்த்துவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. அவசரத்துக்கு அது தப்பில்லை. இங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கடல் தண்ணீரில் இறங்கிய வண்டியின் ஹப்பைத் திறந்து பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

திறந்து பார்த்தது வீண் போகவில்லை. வலது பக்க கிரீஸ் சூட்டில் கருத்து, கட்டி தட்டியிருந்தது. வெளி பேரிங்கின் உருளைகளில் நீலம் பாரித்திருந்தது. பேரிங் செட் புதிதாகவே போட்டோம். ஸ்பிண்டிலை எடுத்தபின் நக்கிளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கிரீஸ் கெட்டியாகவே இருந்தது. அது நீர்த்துப்போய் கியர் ஆயில் வாசனை அடித்தால் ஆக்ஸில் சீல் போயிற்று என்று அர்த்தம், அந்த ஆயில் ஒருநாள் பேட் வரைக்கும் வரும். அந்தச் செலவு இங்கே மிச்சம்.

வலது கவர் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழையது ஒன்று வந்தது. இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஒன்று மற்றதற்குச் சேராது. ஆர்டர் கொடுக்கும்போது பழைய சாமானைப் படமெடுத்து அனுப்பிவிடுவது நல்லது. இடது கவரை டிங்கரிங் பட்டறையில் கொடுத்து, துளை விழுந்த பகுதியை வெட்டிவிட்டு 16 கேஜ் தகடு வைத்துப் பற்றவைத்தோம். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைக்கலாமா என்று டிங்கர் கேட்டார். கூடவே கூடாது. வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் உருளைகளில் புள்ளி விழுந்துவிடும்.

துருவை வயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு வரைக்கும் தேய்த்து, எபாக்சி பிரைமர், மேலே கறுப்பு பெயின்ட். ஸ்பிண்டிலுக்கும் நக்கிளுக்கும் நடுவில் நசுங்கி உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயின்ட் ஏறவிடவில்லை. அங்கே கெட்டியாகப் பெயின்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, போல்ட் இறுக்கம் தளர்ந்துவிடும். ஸ்பிண்டில் தளர்ந்தால் சக்கரமே ஆடும். புது பெயின்ட் அடித்த சந்தோஷத்தில் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

பேரிங் இறுக்கத்தில் அவசரம் காட்டக் கூடாது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்கி உருளைகளை உட்காரவைக்க வேண்டும். அப்புறம் தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்க வேண்டும். வீல் போல்ட்டில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, ஹப் நகர ஆரம்பிக்கும் விசை மேனுவலில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்தபின் லாக் நட். கை அனுபவத்தில் சொல்லிவிடுவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். தராசு மலிவு, நான் தராசையே நம்புகிறேன். கடைசியாக டிஸ்க்கை மாட்டி ஒரு சுற்று சுற்றி, கவர் எந்த இடத்திலும் டிஸ்க்கை நெருங்கவில்லை என்று பார்த்துக்கொண்டோம். ஒரே ஓர் இடத்தில் கையாலேயே லேசாக வளைக்க வேண்டியிருந்தது.

ஹோஸ் வாங்குவதில் ஒரு வாக்குவாதம்

ஓனருக்கு ஸ்டீல் பின்னல் போட்ட நீள ஹோஸ் மேல் ஆசை. வண்டியை உயர்த்தும் எண்ணமும் மனதில் இருந்தது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் அழுத்தத்தில் குறைவாக விரியும், மிதி கெட்டியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மேலே பிளாஸ்டிக் உறை இல்லாத மலிவு ரகத்தில் மணல் பின்னலுக்குள் புகுந்து உள் குழாயை அரம் போடும். இன்னொன்று, லீஃப் பட்டை ஒரிஜினல் உயரத்தில் இருக்கும்போது நீளமான ஹோஸ் போட்டால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அது டயரில் உரசும். ஹோஸ் நீளத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சேஸியைத் தூக்கி, ஆக்ஸில் தன் எடையில் முழுதாகத் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்க்க வேண்டும். அப்போது ஹோஸ் இறுகவும் கூடாது, எதிலும் படவும் கூடாது. ஒரிஜினல் நீளமே இங்கே தாராளமாக இருந்தது. ரப்பர் ஹோஸே வாங்கினோம்: முன்னால் இரண்டு, பின்னால் சேஸியிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் ஒன்று. மூன்றும் ஒன்றாக.

பழைய ஃப்ளேர் நட்டுகளை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் பகுதி. முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வைத்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். எதிர்ப்பக்கம் ஹோஸ் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, முதலில் துளி இறுக்கி, துரு விட்ட சத்தம் கேட்டபின் தளர்த்த வேண்டும். முன்னால் இரண்டும் வந்துவிட்டன. பின்னால் பைப் நட்டோடு ஒட்டிக்கொண்டு முறுக்கியது. அந்தத் துண்டு பைப்பை அறுத்துவிட்டு, இரும்பு பைப்பின் முனையை விரித்து மடித்து (இரட்டை ஃப்ளேர்) அடித்துப் புதிதாகப் போட்டோம். ஃபிரிட்ஜ் கடையில் கிடைக்கும் செம்புக் குழாயை வளைத்துப் போட்டால் சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சுத்தச் செம்பு அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும்.

மாட்டும்போது முறுக்கு விழாமல் பார்க்க ஹோஸிலேயே வழி இருக்கிறது. தரமான ஹோஸில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். மாட்டியபின் அந்தக் கோடு நேராக இருந்தால் சரி, சுற்றிக்கொண்டு போனால் முறுக்கு. காலிப்பர் முனையில், நடுவில் ஆயில் போகத் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாஷரும் புதிது. சேஸி பிராக்கெட்டில் யு கிளிப்பை அடித்து உட்காரவைத்தபின்தான் ஃப்ளேர் நட்டின் கடைசி இறுக்கம்.

பிறகு ப்ளீடிங், அதாவது லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரத்திலிருந்து ஆரம்பித்தோம்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. வெளியே வந்த பழைய ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஒரு சின்ன எச்சரிக்கை: பழைய வண்டியில் ப்ளீட் செய்யும்போது மிதியைத் தரை வரைக்கும் மிதிக்கக் கூடாது. தினமும் ஓடாத பகுதியில் சிலிண்டருக்குள் துரு படிந்திருக்கும், சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிட்டால் கவலையில்லை. முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்த்தோம். எல்லாம் காய்ந்தே இருந்தது.

ஓட்டிய பிறகு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓனரே ஓட்டினார். கீழே வந்ததும் இரண்டு முன் ரிம்மிலும் கை வைத்துப் பார்த்தோம். சூடு சமமாக இருந்தது. இழுப்பு எந்தப் பக்கமும் இல்லை. வலது டிஸ்க்கின் வரிகளை லேத்தில் லேசாகக் கடைந்து எடுத்துவிட்டதால் உள் பேட் இப்போது முழுதாகப் பதிகிறது.

மழைக்காலம் முடிந்து ஒரு தடவை திறந்து பார்த்தபோது உள் பேட்டும் வெளி பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. வலது கவரில் பெயின்ட் கொஞ்சம் கல்லடி பட்டிருந்தது, துரு இல்லை. இடது பக்கம் வெல்டிங் வைத்த ஓரத்தில் மட்டும் ஒரு செம்புள்ளி தெரிந்தது. தேய்த்து மறுபடி பிரைமர் அடித்தாயிற்று. அறுத்த பழைய ஹோஸை ஓனர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வண்டியை உயர்த்தும் பேச்சு இன்னும் முடியவில்லை. அப்படிச் செய்தால் இந்த மூன்று ஹோஸும் நீளம் போதாது, மறுபடி அளந்து மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.